மாதுள முத்து

ஆடி முடிந்த மறுநாள், ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிக்குத் தாய்வீடு வந்த புதுப்பெண்ணான மகளை உறையூரில் புகுந்த வீட்டில் விட அம்மா போகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது. மகள் போனைப் பார்த்தபடி சொன்னாள்.

"கிரேக்கக் கதைம்மா. பாதாள ராஜா ஒரு பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடுறான். அங்க எதையாவது தின்னா முழுசா திரும்ப முடியாது. அவ மாதுள முத்து தின்னதால, வருஷத்துல பாதி அம்மாகிட்ட, பாதி அவன்கிட்ட."

"ஏமாத்திக் குடுத்திருப்பான், படுபாவி."

"முன்னாடி அப்படித்தான் சொன்னாங்க. இப்ப படிக்கிறவங்க, அவளே பிரியப்பட்டுத்தான் தின்னா, அங்க அவ ராணிங்கறாங்க."

"நீ என்னடி சொல்றே?"

"பாதி வருஷம் கூடவே வச்சிருந்தாளே, அவ அம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லன்னு தோணுது."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"மாப்பிள்ளை உன்னை நல்லாத்தானே வச்சிருக்காரு?"

"ஒரு மாசம் உன்கூடத்தான் இருந்தேன். பஸ் ஏறினப்புறம் கேக்குறே."

அம்மா மகளின் துணிப்பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பாலம் தாண்டினதும் எறங்குவோம்."

"சத்திரம் இன்னும் வரலைம்மா."

"முதல்ல நீ சொல்லு. அப்புறம் எந்தப் பக்கம் பஸ் ஏறுறதுன்னு பாக்கலாம்."