நாலாவது மெழுகுதிரி

பர்னபாஸ்: ...நிறுத்து, நிறுத்து. உன் துப்பறியுறவ ஸ்கூட்டியிலயா வாரா?

ஜாஸ்லின்: பின்ன? குதிரை வண்டியிலயா வருவா?

பர்னபாஸ்: டிடெக்டிவ் ஞானமுத்து அப்படித்தான் வருவாரு. வாயில சுருட்டு, கையில பிரம்பு. உங்கப்பன் அந்தப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பான். நாங்க சங்கைக் கழுவிக்கிட்டே கேப்போம்.

ஜாஸ்லின்: எனக்கும் வாசிச்சிருக்காரு. அதான் என் கதையில அவ ஞானமுத்துக்குப் பேத்தி. சுருட்டுதான் கெடையாது.

பர்னபாஸ்: நெசமாவே புத்தகமா வரப்போவுதா?

ஜாஸ்லின்: சென்னையில போடுதாவ. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. நீங்க சங்கு குளிச்ச ஆளு. தப்பு இருந்தாச் சொல்லுங்க.

பர்னபாஸ்: அஞ்சு வருசமா இந்த வாசலை மிதிக்காதவ, தொழில் கேக்க வந்தியாக்கும்... சரி. கட்டங்காப்பி போடட்டா? பால் கெடையாது. தனி ஆளுக்கு எதுக்குப் பாலு?

ஜாஸ்லின்: ஒண்ணும் வேண்டாம், கேளுங்க. வளன்னு ஒருத்தர் சங்கு குளிக்க எறங்குதாரு. வள்ளத்துல கம்ப்ரசர் ஓடுது. மூச்சு டியூபைப் பிடிச்சிருக்கது அவரு மச்சினன்...

பர்னபாஸ்: சரிதான். மச்சினன்தான் பிடிக்கணும். முத்துக் குளிச்ச காலத்துலயே கயிறு அவன் கையிலதான். கூடப்பொறந்தவ தாலியை எவன் அறுப்பான்?

ஜாஸ்லின்: ஆனா வளன் மேல வரல. பொணமும் கெடைக்கல. கண்ணசந்துட்டேன்னு மச்சினன் சொல்லுதான். சாட்சிக்கு வேற ஆளில்ல.

பர்னபாஸ்: ...வளன்னு பேரை மாத்திட்டா அமலன் இல்லன்னு ஆயிருமா? இது உங்கப்பன் கதை. அந்த மச்சினன் நான்.

ஜாஸ்லின்: ஆமா. நீங்கதான்.

பர்னபாஸ்: பதினாலு வருசமா உங்கம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எவனும் என் கையில டியூபைக் குடுக்கல. பத்தாதுன்னு அச்சுலயும் ஏத்தப் போறியா?

ஜாஸ்லின்: இருங்க, முடிக்கல. அந்த மச்சினன் வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு வாரான். பெரிய சிலுவைக்குக் கீழ மூணு மெழுகுதிரி கொளுத்துதான். அப்பனுக்கு ஒண்ணு, ஆத்தாளுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு. கடல்ல போன மச்சானுக்கு மட்டும் கெடையாது. ஏன்?

பர்னபாஸ்: குத்தமுள்ள மனசு... கை வந்திருக்காது.

ஜாஸ்லின்: சின்னப்புள்ளையிலருந்து போன வாரம் வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சேன். ஞானமுத்து பேத்தி ஏமாறமாட்டா. உசுரோட இருக்கவனுக்கு மெழுகுதிரி கொளுத்துனா பாவம்னு பயந்திருக்கான்னு சொல்லுவா.

பர்னபாஸ்: ...காப்பி போடுதேன்.

ஜாஸ்லின்: உக்காருங்க மாமா! ஸ்கூல் பாரம், காலேஜ் பாரம், வேலைக்கு எழுதிப்போட்ட பாரம்... அத்தனையிலயும் அப்பா பேருக்கு முன்னால 'லேட்'னு என் கையால எழுதுனேன். நம்ம குடும்பத்துல மொத டிகிரி. வாங்கிட்டு நேரா வந்து படத்துக்கு மாலை போட்டேன். யாருக்குப் போட்டேன்?

பர்னபாஸ்: கத்தாதளா. பக்கத்து வீட்ல ஆளிருக்கு.

ஜாஸ்லின்: கேக்கட்டும்!

பர்னபாஸ்: ...மாலத்தீவு. நடுக்கடல்ல வச்சு தோணியில ஏத்திவிட்டது நான்தான். முந்தி தோணி வேலைக்குப் போனப்ப பழகுன ஒருத்தி அங்கன இருக்கா, புள்ள இருக்குன்னு கால்ல விழுந்தான். வெட்டிப் போட்டிருக்கணும்... முடியல. விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னு ஊரு உங்கம்மாவைச் சொல்லக்கூடாது. கடல்ல செத்தவன் பொண்டாட்டின்னு சொல்லட்டும்.

ஜாஸ்லின்: அந்தப் பழியை நீங்க சொமந்திய.

பர்னபாஸ்: யாராவது சொமக்கணும்லா. டியூபு என் கையிலதான இருந்துச்சு.

ஜாஸ்லின்: போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு நானும் வந்தேன். தள்ளி நின்னு பாத்தேன்... இந்த வருசம் நாலு மெழுகுதிரி மாமா. அதுக்குத்தான் வந்தேன். சொல்லுங்க.

பர்னபாஸ்: செப்டம்பர்ல போன் வந்துச்சு. நெஞ்சுவலியாம். போயிட்டான்... இந்தா, தண்ணி குடி.

ஜாஸ்லின்: வேண்டாம். நான் சொன்னது பொய் மாமா. கடைசி அத்தியாயத்தை அக்டோபர்லயே குடுத்தாச்சு. மச்சினன்தான் டியூபை மடிச்சுப் பிடிச்சுக் கொன்னான்னு எழுதிட்டேன். உங்க மேல அம்புட்டு ஆத்திரம்... அம்மா வேற மொத ஆளா வாசிக்கக் காத்துக்கிட்டு இருக்கா. இன்னும் அச்சாகல. நாளைக்கே போன் போட்டு மாத்திருதேன்.

பர்னபாஸ்: ஏளா, மாத்தாத. பதினாலு வருசம் மாசாமாசம் நான்தான் அவனுக்குப் போன் போட்டேன். ஒரு தடவை கூட அவன் உங்கம்மாவைப் பத்திக் கேக்கல... உன்னைப் பத்தியும் கேக்கல. மச்சினனே கொன்னதா இருக்கட்டும்.