திங்கள் முதல் வியாழன் வரை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிற தூக்கம் இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒன்றுமில்லை என்று நினைக்கிறவன் நான். உங்கள் வேலையில் அது வாய்ப்பதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது சார். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். அடுத்தவர் அசதியைக் கண்டுபிடிப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வக்கீல் வேண்டாம். வக்கீல் வந்தால் பேச்சு நீளும். எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

என் பெயர் ஜெகதீஷ். போடியில் பிறந்தவன். மலையேறி மெட்டுக்குப் போகிற வழியில், சரிவில் இருக்கிற ஏலக்காய்த் தோட்டத்துக்கு மேனேஜர். முதலாளி கீழே போடியில் கடையைப் பார்த்துக்கொள்வார். மலையில் நடப்பது எல்லாம் என் பொறுப்பு. நான் தங்குவதும் மேலேதான், நானும் ஜிம்மியும். ஜிம்மி என் நாய்.

முன்பெல்லாம் எங்கள் தோட்டத்தில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை. எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். கோழி கூப்பிடுமுன் எழுந்து, சோறு பொங்கி, தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்புக்கு நிற்பார்கள். ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவார்கள். சாயங்காலம் அதே மாதிரி இறங்குவார்கள். வெள்ளி, சனி ஆனால் கை ஓடாது. பழுத்த காயோடு பிஞ்சையும் பறித்துப் போடுவார்கள். திட்டிப் பயனில்லை. கண் திறந்திருக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருக்கும்.

மதுரையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். அங்கே பேசியவர் ஒருவர், வேலை நாளைக் குறைத்தால் வேலை கூடும் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொன்னார். திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். திங்கள் முதல் வியாழன் வரை வேலை. காலையில் கொஞ்சம் முந்தி வருவார்கள், சாயங்காலம் கொஞ்சம் பிந்திப் போவார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. வாரக்கூலி குறையாது.

"ஏன்டா ஜெகதீஷு, கூலியக் கொறைக்காம நாளக் கொறைக்கிறேங்கிற. கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்றார்.

"ஒரு மாசம் பாப்போம் மொதலாளி. சரியா வரலன்னா பழையபடி மாத்திக்கிருவோம்."

மாற்றவில்லை. காய் அவ்வளவு சுத்தமாக வந்தது. திங்கட்கிழமை ஜீப்பில் இருந்து பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். போடியில் விவசாயிகள் கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆளை வதைத்து வேலை வாங்குகிற மலையில், ஆளைத் தூங்கவிட்டு வேலை வாங்கியவன் என்று பேர் எடுத்தேன்.

புது வாரம் பிடிக்காதது ஜிம்மிக்கு மட்டும்தான். வேலை நாட்களில் அதைச் சங்கிலியில் போட்டுவிடுவேன். லீவு நாட்களில் அவிழ்த்துவிடுவேன். திங்கட்கிழமை ஜீப்புச் சத்தம் கேட்டதுமே அழ ஆரம்பிக்கும்.

மாயக்காளைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். மேனேஜர் ஆன பிறகும் அப்பு என்றுதான் கூப்பிடுவார். வாய் ஓயாது. மூன்று நாள் லீவு என்று நான் அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள், அவர் மட்டும் தட்டவில்லை.

"ஆம்பளைக்கு லீவு, சரி. எனக்கு வீட்ல சோலி தூங்குமா அப்பு? மலையில இருந்தாத்தான் வெத்தல போடவாவது உக்காருறேன்" என்றார். நான் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயமான பேச்சுதான்.

இனி மருந்து விஷயம். உங்கள் தாளில் பூச்சிக்கொல்லி என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மருந்து என்போம். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து, மனசு வெறுத்தவர்கள் குடிப்பதும் மருந்துதான். இந்த ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆறு நாள் வாரத்தில் ஒரு பக்கம் மருந்து அடித்தால் அந்தப் பக்கம் சில நாள் யாரும் போக மாட்டார்கள். காய் எடுக்கிற பெண்கள் வேறு பக்கம் போவார்கள். டப்பாவிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. நான்கு நாளில் வேலையை முடிக்க வேண்டும் என்றானபோது, எந்தப் பக்கத்தையும் சும்மா போட்டு வைக்க முடியவில்லை. லீவு நாளில் மருந்து அடித்துக்கொள்ளலாமே என்று எனக்கும் தோன்றியது. மருந்து அடிக்கிற சுருளியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் லீவு, எங்களுக்கு மட்டும் இல்லையா சார்? நாங்க என்ன மாடா?" என்றான்.

அவன் கேட்டது சரி. ஓய்வு என்றால் எல்லோருக்கும்தான். அதனால் காலையில் சுருளியின் ஆட்கள் மருந்து அடித்துக்கொண்டே முன்னால் போவார்கள், பின்னாலேயே பெண்கள் காய் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று ஏற்பாடு செய்தேன். ஏலச்செடியை நீங்கள் பார்த்திருப்பீர்களோ என்னவோ. இலை ஆளுக்கு மேல் நிற்கும், காய் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும். குனிந்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். இலையில் இருப்பதெல்லாம் தலையிலும் முதுகிலும் சொட்டும்.

செவ்வாய்க்கிழமைக்கு மேல் பெண்கள் தலைவலி என்பார்கள். புதன்கிழமை கண்ணில் தண்ணீர் வடியும், சிலருக்கு வாந்தி வரும். வியாழன் சாயங்காலம் ஜீப்பில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பேச்சில்லாமல் இறங்குவார்கள். என்ன செய்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். அசதியா இருக்கு. மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை பார்த்தால் தெளிந்திருப்பார்கள். இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும் சார்? அசதி, ஓய்வு எடுத்தார்கள், சரியாகிவிட்டது. மூன்று நாள் கொடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமையும் அரை நாளாக்கலாமா என்றுகூட முதலாளியிடம் பேசிப் பார்த்தேன்.

அந்தப் புதன்கிழமை மாயக்காள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். பெரிய சண்டை இல்லை. லீவுக்கு அவர் புருசன் காசிமாயன் சொந்தக்காரர்களை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் புதன்கிழமை ஆகியும் கிளம்பவில்லை. "ஆக்கிப் போட்டே இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஒரேயடியாக் கண்ண மூடிட்டாத் தேவலைன்னு அந்த மனுசன்ட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்று ஜீப்பில் சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். ஜீப்பு ஓட்டுகிற ராஜா முகம்மதுவும் சிரித்திருக்கிறார்.

மழை தூறி விட்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாயக்காள் செடிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. வாயோரம் எச்சில் வழிந்தது. சேலை முழுக்க நனைந்திருந்தது.

"கெறக்கமா வருது அப்பு. கண்ணு மங்குது. என்னையக் கீழ எறக்கி விட்ரு" என்றார்.

ராஜா முகம்மது சாவியோடு வந்துவிட்டார். "வெரசா எறக்கிட்டு வந்துர்றேண்ணே. இது சரியாப் படல."

வேண்டாம் என்றேன். ஒருவரை அசதி என்று இறக்கினால் மறுநாள் பத்துப் பேர் கேட்பார்கள். நான்கு நாள் வாரம் நிற்பதே அந்த நான்கு நாளும் முழுசாக நடப்பதில்தான். "நாளைக்கு ஒரு நாள்தான் அத்தை. அப்புறம் மூணு நாளு லீவு. செத்த நேரம் படுங்க" என்று, காய் உலர்த்துகிற ஸ்டோருக்குக் கூட்டிப் போய்ச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். அங்கே கதகதப்பாக இருக்கும். நடுங்கினார் என்று வீட்டிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்து வந்து, நனைந்த சேலைக்கு மேலேயே சுற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. கறகறவென்று, தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி. பாவம், வீட்டில் கிடைக்காத தூக்கம் இங்கேயாவது கிடைத்ததே என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை.

ராஜா முகம்மது அன்றைக்கு ஓட்டிய மாதிரி என்றைக்கும் ஓட்டியதில்லை. நான் பின்னால் மாயக்காள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். "மருந்தா?" என்றார்.

"ஆமா சார், மருந்துதான்" என்றேன்.

"வீட்ல ஏதும் சண்டையா?"

"காலைல ஏதோ சண்டைன்னு ஜீப்புல பேசிக்கிட்டாங்க சார்."

இதில் ஒரு பொய்கூட இல்லை. அவர் குடித்தாரா என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் குடித்தார் என்று சொல்லவில்லை. சேலை ஈரத்தை எல்லோரும் மழை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விடிவதற்குள் முடிந்துவிட்டது. உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த அதிகாரி வந்தார். ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டால் தேவலை என்று மாயக்காள் சொன்னதை அப்படியே சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னாரா என்று அந்த அதிகாரி கேட்கவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். மாயக்காளின் தம்பிமார் காசிமாயனைத் தெருவில் போட்டு அடித்தார்கள். கொள்ளி வைக்கக்கூட விடவில்லை. பெண்டாட்டியை மருந்து குடிக்க வைத்தவன் என்று பேராகிவிட்டது. அடிபட்ட முகத்தோடு என்னைப் பார்த்து, "அவ மருந்து குடிக்கிறவ இல்ல தம்பி. நீயாவது சொல்லு தம்பி" என்று கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே அழுதேன். அவர் இப்போது உள்ளே இருக்கிறார். மகள் சிவரஞ்சனி அப்பன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள்.

அந்தச் சிவரஞ்சனிதான் பிறகு அம்மாவுக்குப் பதிலாக ஜீப்பு ஏறி வந்தாள். அதே தூக்குவாளி. போன வாரம், அதுவும் புதன்கிழமைதான், செடிக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, "அசதியா இருக்குண்ணே. கண்ணு மங்குது" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. சேலையை மாற்றச் சொல்லி, தலையோடு தண்ணீர் ஊற்றச் சொல்லி, அந்த நிமிடமே ஜீப்பை எடுக்கச் சொன்னேன். பிழைத்துக்கொண்டாள். ராஜா முகம்மது வண்டியில் ஏறப் போனவர் என்னைப் பார்த்தபடி நின்றார். "சேலைய மாத்தணும்னு ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? அன்னைக்கி ஏண்ணே சொல்லல?" என்றார். அதற்குப் பிறகு அவர் நேராக உங்களிடம் வந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அவசரமாகச் செய்த ஒரு நல்ல காரியம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து தூக்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூட வரவில்லை. குறட்டைச் சத்தம் கேட்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அந்த மருந்து ஆளைச் சாய்க்கும் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று. அசதி என்றுதான் சார் நினைத்தேன். அவர்களே அசதி என்றார்கள். எல்லோரும் ஓய்வு எடுத்தார்கள், எல்லோருக்கும் சரியானது. அந்த வாரம் நல்ல வாரம்தான் சார். இப்போதும் சொல்வேன்.

ஜிம்மியின் சங்கிலியைப் பற்றி ராஜா முகம்மது சொல்லியிருப்பார். அவருக்குக் கவனம் அதிகம். வாரத்தை மாற்றிய புதிதில் பக்கத்துத் தோட்டத்து நாய் ஒன்று எங்கள் தோட்டத்துக்குள் புகுந்து, மருந்து பட்ட புல்லைக் கடித்துவிட்டு, நடுங்கி, எச்சில் வடிந்து, கால் இழுத்துச் செத்தது. நானும் சுருளியும்தான் புதைத்தோம். அன்றைக்கு வாங்கிய சங்கிலி அது.

எழுதிக்கொள்ளுங்கள். மாயக்காள் மருந்து குடிக்கவில்லை. அவரைக் கொன்றது நான். காசிமாயனை விட்டுவிடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஜிம்மி விஷயத்தை வேறு மாதிரி எழுதிவிடாதீர்கள் சார். ஆட்களைவிட நாயைப் பெரிதாக நினைத்தவன் இல்லை நான். ஆட்களுக்குச் சொன்னால் புரியும். நாய்க்குச் சொன்னால் புரியாது, அதனால்தான் கட்டிப் போட்டேன்.