மணிக்கட்டுக்கு அளவெடுத்த கயிறு

1933ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் 11.40. கண்டி நகரப் பொலிஸ் நிலையம். சொல்பவர் பெயர் வடிவம்மா, காலஞ்சென்ற ராக்கப்பனின் மனைவி. வயது முப்பத்தைந்து இருக்கலாம், சரியாகத் தெரியாது. தொழில், நகரத்துக் கழிவுநீர்க் கான்கள் துப்புரவு செய்வது. விலாசம், மஹியாவை கூலி லய வரிசை வீடுகள், ஏழாம் காம்பரா. எழுதப் படிக்கத் தெரியாது. தமிழில் சொல்லத் தமிழில் எழுதப்பட்டது.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு இதே மேசைக்கு முன்னால் நின்று சார்ஜன்ட் ஐயாவிடம் அந்தக் கத்தி என்னுடையது என்று சொன்னேன். அது பொய். அப்படிச் சொல்லும்படி எனக்குச் சொல்லப்பட்டது. இப்போது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் பதினொரு வருஷமாகக் கான் வேலை செய்கிறேன். கானுக்குள் கந்தல், வேர், சாக்கு, சில நாட்களில் செத்த நாய்கூடக் கிடக்கும். அதையெல்லாம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால் எங்கள் கூட்டத்தில் எல்லோரிடமும் ஒரு கத்தி உண்டு. எந்தக் கத்தி உழைக்கும், எது மாதம் முடிவதற்குள் பிடி கழன்று போகும் என்று பார்த்துச் சொல்வதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது. தவளை தன் வாயால் கெட்ட மாதிரி அந்தப் பெருமையால்தான் நான் இங்கே நிற்கிறேன்.

போன சனிக்கிழமை வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது எங்கள் கங்காணி பெரியதம்பி என்னிடம் வந்து, “வடிவு, ஒனக்குத்தான் கத்தி பாக்கத் தெரியும். கான் வேலைக்கு நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு, வா” என்று கூப்பிட்டார். கங்காணி கானுக்குள் இறங்குகிறவர் இல்லை. மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அவருக்கு எதற்குக் கத்தி என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னிடம் யோசனை கேட்டதே பெரிதாக இருந்தது.

அதன் பிறகு இருவரும் மார்க்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஜமால்தீன் நானாவின் இரும்புக் கடைக்குப் போனோம். நானா முதலில் எலும்புப் பிடி போட்ட சீமைக் கத்தி ஒன்றைக் காட்டினார். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். இரும்பு பிடிக்குள் பாதி தூரம்தான் போயிருந்தது, ஆணியும் ஒன்றுதான். அந்த இடைவெளிக்குள் சேறு போனால் பிடி அழுகிவிடும் என்று தள்ளி வைத்தேன். அடுத்தது மடக்குக் கத்தி. மடிப்புக்குள் மணல் புகுந்தால் திறக்காது, திறந்தால் மூடாது என்று அதையும் வைத்தேன். அதற்குப் பிறகு நானா பலகைக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்துப் போட்டு, “இது கடுகண்ணாவைப் பக்கம் அடிச்சது. லொறி வில்லு இரும்பு. பார்வைக்கு ஒண்டுமில்ல புள்ள, ஆனா ஒழைக்கும்” என்றார்.

நான் அதை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்டேன். இரும்பு பிடியின் அடிவரை போயிருந்தது, மூன்று ஆணி. நானாவிடம் கேட்டுக்கொண்டு நுனியை வாசல்படிக் கட்டையில் ஊன்றி அழுத்தினேன். வளைந்து பழையபடி நிமிர்ந்தது. ஈரச் சாக்கு ஒன்றை வாங்கி இழுத்தேன், ஒரே இழுப்பில் அறுந்தது. அப்போது கங்காணி, “எலும்புல பட்டா மடங்குமா?” என்று கேட்டார். செத்த நாயை நினைத்துக்கொண்டு, “மடங்காது கங்காணி, மாட்டெலும்பே தாங்கும்” என்று சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். ஜமால்தீன் நானாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஐயா அவரை விசாரிக்கலாம்.

கங்காணி காசு கொடுத்து அதை வாங்கிய பிறகு லயத்துக்கு வந்து எங்கள் வழக்கப்படி பிடிக்குக் கயிறு சுற்றினேன். சணல் கயிற்றைத் தார்க் கீலில் ஊறவைத்து நெருக்கமாகச் சுற்றினால் சேற்றுக் கையிலும் வழுக்காது. பிடியின் அடியில் மணிக்கட்டில் மாட்ட ஒரு வளையம் விடுவோம். கை தவறினாலும் கான் தண்ணீர் கத்தியைக் கொண்டுபோகாமல் இருக்கத்தான் அது. கங்காணி வளையம் வேண்டாம் என்றார். “வளையமில்லாத கத்தி கானுக்குச் சொந்தம், அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது” என்று நான்தான் கட்டாயப்படுத்தி அளவெடுத்தேன். அவருக்கு இடது கைப் பழக்கம். இடது கையை நீட்டினார். மணிக்கட்டு தடிப்பானது, என்னுடையதைப் போல் இரண்டு பங்கு. முடிச்சு தோலில் உராய்ந்தால் கொப்புளம் வரும் என்பதால் மணிக்கட்டின் வெளிப்பக்கம் வரும்படி போடுவேன். வலக்கைக்காரருக்கு ஒரு மாதிரி, இடக்கைக்காரருக்கு மறு மாதிரி. எங்கள் கூட்டத்தில் வேறு இடக்கைக்காரர் கிடையாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணியளவில் எங்கள் கூட்டத்துச் செல்லச்சாமி என் காம்பரா வாசலில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டார். மார்க்கட்டுக்குப் பின்னால் கான் அடைத்திருக்கிறதாம், வந்து பார்க்கும்படி கங்காணி சொல்லியனுப்பினாராம். “ஞாயித்துக்கெழமகூட இந்தக் கானுக்கு லீவு கெடயாது பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரைக் கடைசியாகக் கண்டது அப்போதுதான். வேலை நேரத்தில் எங்களைக் குண்டசாலையில் உள்ள தன் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கங்காணி மண் சுமக்க வைக்கிறார் என்று செல்லச்சாமி நகரசபைப் பெரியவர்களுக்கு மனுக் கொடுத்து இரண்டு கிழமை ஆகிறது. மனுக் கொடுத்த நாளிலிருந்து கங்காணி அவரோடு பேசவில்லை. மற்ற எங்களுக்கும் மண் சுமந்து தோள் உரிந்திருந்தது. வாயைத் திறந்தது அவர் ஒருவர்தான்.

இன்று காலை ஏழு மணிக்கு மார்க்கட்டுக்குக் கீழே கானின் இரும்புக் கம்பித் தடுப்பில் சேர்ந்த குப்பையை இழுத்தேன். கையில் கயிறு தட்டியது. இழுத்துப் பார்த்தால் வளையம் கம்பியில் மாட்டிக்கொண்டு, கத்தி தண்ணீருக்குள் தொங்கியது. என் கையால் சுற்றிய கயிறு எனக்குத் தெரியாதா. கங்காணி கை தவற விட்டுவிட்டார் போலிருக்கிறது, நல்ல வேளை வளையம் போட்டேன் என்று நினைத்துக்கொண்டு, குழாயடிக்குப் போய் மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கானில் எடுத்த இரும்பைக் கழுவாமல் யார் கையிலும் கொடுப்பதில்லை, அது எங்கள் வழக்கம். ஏன் கழுவினாய் என்று காலையில் ஐயா கோபித்துக்கொண்டீர்கள். கயிற்றில் என்ன ஒட்டியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. கானில் எல்லாமே கறுப்புத்தான்.

அதன் பிறகு நான் எல்லோருக்கும் முன்னால், “கங்காணி, ஒங்க கத்தி கான்ல கெடந்துச்சு” என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. குடையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். “அது ஒன்னோட கத்திடி” என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்தில்தான் மேல்பக்கம் ஆட்கள் சத்தம் போட்டார்கள். மதகுக்குள் செல்லச்சாமி கிடக்கிறார், கத்திக்குத்துப் பட்டுச் செத்துக் கிடக்கிறார் என்று. பொலிஸ்காரர் ஓடிவந்தபோது கழுவித் துடைத்த கத்தி என் கையில் இருந்தது. கீழே போடலாம் என்றால் விரல் விரியவில்லை.

பொலிஸ்காரர் கத்தியை வாங்கிக்கொண்டு என்னை நடக்கச் சொன்னார். தன் கூட்டத்து ஆள் என்று சொல்லிக் கங்காணியும் கூட வந்தார். பொலிஸ்காரர் நாலடி முன்னால் போனபோது கங்காணி என் பக்கம் குனிந்து, “சனிக்கெழம வாங்கின கத்தி, நேத்துக் காணாமப் போச்சுன்னு சொல்லு. ஒனக்கு ஒண்ணும் ஆகாது. ஒம் மக எங்க வீட்டுலதான் இருக்கா, எம் பொஞ்சாதி பாத்துக்குவா. நீ நல்லபடியா சொல்லிட்டு வா” என்றார். என் மகள் தெய்வானைக்கு ஏழு வயது. வழக்கமாகப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு வருவேன். கங்காணி வீட்டுக்கு அவளை நான் அனுப்பவில்லை, அவர்தான் ஆள் விட்டு எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் காலையில் பொய் சொன்னேன்.

அப்போது ஐயா அந்த வளையத்துக்குள் என் கையை விடச் சொன்னீர்கள். விட்டேன். கையை உயர்த்தச் சொன்னீர்கள். வளையம் முழங்கை வரை இறங்கியது. பிறகு வெகுநேரம் என்னைத் தனியே உட்கார வைத்தீர்கள். நான் பொய் சொல்லலாம், நான் எடுத்த அளவு பொய் சொல்லவில்லை.

கங்காணி பெரியதம்பி இப்போதும் வெளியே விறாந்தை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஜன்னலால் அவர் குடையின் நுனி தெரிகிறது. மகள் மஹியாவையில் கங்காணி வீட்டில் இருப்பதை நான் சொன்னதும், பின்வாசலால் ஒரு பொலிஸ்காரரை அவளைக் கூட்டிவர அனுப்பியிருப்பதாக ஐயா சொன்னீர்கள். மஹியாவைக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், போன நேரத்துக்கு இதற்குள் வந்திருக்க வேண்டும். அவள் வரும் வரை அவரைத் தொட வேண்டாம், ஒன்றும் கேட்கவும் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசியில், மேற்கண்ட யாவும் உண்மை, பயமின்றிச் சொன்னேன் என்று எழுதியிருந்தது. ‘பயமின்றி’ என்ற சொல்லை வெட்டும்படி கேட்டேன். நான் பயத்தோடுதான் சொன்னேன். சொன்னது உண்மை.

சார்ஜன்ட் குறிப்பு: கேட்டபடி அச்சொல் வெட்டப்பட்டது. மகளைக் காணும் வரை கைநாட்டு வைக்க மாட்டேன் என்று மறுத்தார். பிற்பகல் 1.05க்குச் சிறுமி பின்வாசலால் கொண்டுவரப்பட்டாள். காயமில்லை. சாட்சி சிறுமியை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலை வைத்தார். வெட்டிய சொல்லை இனித் திரும்ப எழுதலாமா என்று கேட்டேன். ஜன்னலில் தெரிந்த குடையின் நுனியைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்.