பாதாளக் கரண்டிக்கு ஈடு

கன்னியப்பன்: ...எனக்கு இருக்கறது ரெண்டு கை, மேஸ்திரி. ஒண்ணுல தராசு, ஒண்ணுல ஆணி. உங்க பூட்டை எந்தக் கையில எடுக்கறது, நீங்களே சொல்லுங்க.

கோதண்டபாணி: வாயை மூடினா கை தன்னால வேலை செய்யும். பூட்டை எடுய்யா.

கன்னியப்பன்: எடுக்கறேன்... ஆலங்காயத்துக்காரரே, உங்க ஏர்க் கொழுவைத் தேடத்தான் போறேன், ஏன் பலகையைப் போட்டு தட்டறீங்க? அது உடைஞ்சா அதுக்கும் நான்தான் ஆணி அடிக்கணும்... எங்க கடை முதலாளி பாய் இன்னைக்குன்னு பாத்து திருப்பத்தூருக்குப் போய்ட்டாரு. சந்தை நாள்ல இரும்புக் கடையில ஒத்தை ஆளா நிக்கறதுக்கு, போய் பாலாத்து மணல்ல படுத்துக்கலாம்.

கோதண்டபாணி: படு. பூட்டைக் குடுத்துட்டு படு.

கன்னியப்பன்: எவ்ளோ பெரிசு வேணும்?

கோதண்டபாணி: இருக்கறதுலயே பெரிசா. சங்கிலியோட. மழையில கெடந்தாலும் துரு ஏறக்கூடாது.

கன்னியப்பன்: தோல் பதனிடற ஷாப்புக்குத்தானே? கிடங்குக்கு போன மாசந்தான் ரெண்டு வாங்கினீங்க...

கோதண்டபாணி: கிடங்குக்கு இல்லய்யா. கிணத்துக்கு.

கன்னியப்பன்: கிணத்துக்குப் பூட்டா! தண்ணி எழுந்து ஓடிடுமா மேஸ்திரி?

கோதண்டபாணி: சிரி, சிரி. என் பேஜாரு உனக்கு இன்னா தெரியும்? கம்பி மூடி காத்தாலயே வந்து எறங்கியாச்சு. மெட்ராஸ்லேர்ந்து தோல் பாக்க துரை வர்றாரு, மத்தியான ரயில்ல. அதுக்குள்ள மூடியைப் போட்டுப் பூட்டலன்னா முதலாளி என்னைத்தான் கிணத்துல போடுவாரு.

கன்னியப்பன்: இருங்க, அலிகர் பூட்டு ஒண்ணு மேல் தட்டுல இருந்துச்சு... யாருங்க அது, ஏணியைப் புடிச்சி ஆட்டறது? கீல்தானே? வாங்கலாம், வாங்கலாம். கதவு ஒரு நாழி கீல் இல்லாம இருந்தா செத்துப் போயிடாது... எல்லாருக்கும் அவசரம். இந்த ஊர்ல அவசரம் இல்லாத மனுசனே பொறக்கல. பாருங்க மேஸ்திரி, அந்தத் தூணோரம் ஒரு அம்மா எவ்ளோ நேரமா நிக்குது. ஒரு வார்த்தை கத்துச்சா? அதான் பொறுமை. அவங்களைப் பாத்து கத்துக்கங்க.

கோதண்டபாணி: அவளுக்கு வேலை வெட்டி இல்ல, நிக்கறா.

கன்னியப்பன்: ஏம்மா, உனக்கு இன்னா வேணும்? பேரு இன்னா?

மரியம்மாள்: மரியம்மாங்க. பாதாளக் கரண்டி... கேட்டேனுங்க.

கன்னியப்பன்: ஓ. காத்தால கதவு தெறக்கறப்பவே வந்தது நீதானா?

மரியம்மாள்: ஆமாங்க.

கன்னியப்பன்: அப்பவே சொன்னேனே. ஈடு எடுத்துட்டு வான்னு.

கோதண்டபாணி: அது இன்னாய்யா கரண்டி? அந்தக் கொக்கி கொக்கியா கொத்தா தொங்குதே, அதுவா?

கன்னியப்பன்: அதான். கயித்துல கட்டி உள்ள விட்டா, கிணத்தடியில கெடக்கற குடம், வாளி எதுவானாலும் கொக்கியில மாட்டிக்கிட்டு மேல வந்துடும். விக்கறது இல்ல, சும்மா இரவல். காசு வேணாம். ஆனா ஒரு பாத்திரம் ஈடா வச்சாத்தான் அது வாசப்படி தாண்டும்.

கோதண்டபாணி: இரும்புக் கொக்கிக்கு இவ்ளோ மரியாதையா?

கன்னியப்பன்: ஊர் வழக்கம் மேஸ்திரி. ஈடு வாங்காம குடுத்தா, குடுத்தவன் வீட்ல ஒண்ணு கொறையும்பாங்க. எனக்கு நாலு புள்ளைங்க. எந்தப் புள்ளையைக் கொறைச்சுக்கறது?

மரியம்மாள்: புள்ளையை வச்சு அப்படிச் சொல்லாதீங்க சாமி.

கன்னியப்பன்: உன்னைச் சொல்லல மரியம்மா. ஈடு கொண்டாந்தியா? குடம் உள்ள விழுந்துடுச்சின்னா வீட்ல ஒரு சொம்பு, ஒரு தவலை... பக்கத்து வீட்ல கேக்கறது?

மரியம்மாள்: யாரையும் கேக்க முடியாதுங்க.

கன்னியப்பன்: ஏன், சண்டையா?

மரியம்மாள்: எதுக்குன்னு கேப்பாங்க.

கன்னியப்பன்: குடம் விழறது ஒரு ரகசியமா? எங்க வீட்ல மாசம் ஒண்ணு விழுது... சரி, முந்தானைக்குள்ள இன்னா வச்சிருக்கே? தண்ணியா சொட்டுது பாரு, தரையெல்லாம் ஈரம்.

மரியம்மாள்: ஒண்ணுமில்லீங்க. நீங்க... அவங்களை முதல்ல அனுப்பிடுங்க. நான் நிக்கறேன்.

கன்னியப்பன்: கேட்டீங்களா மேஸ்திரி? உங்களுக்கு வழி விடறாங்க. கும்புடு போடுங்க.

கோதண்டபாணி: கும்புடு அப்புறம். பூட்டு!

கன்னியப்பன்: இந்தாங்க. தூக்கிப் பாருங்க. இதை உடைக்க யானைதான் வரணும். அது சரி... கிணத்துத் தண்ணியை எவன் மேஸ்திரி திருடறான்?

கோதண்டபாணி: எவன் இல்ல, எவளுங்க. சேரிப் பக்கம். விடியறதுக்கு முந்தி வேலியில பூந்து வந்து சேந்திக்கிட்டுப் போறாளுங்க. முதலாளி வீட்டுக்கே அந்தத் தண்ணிதான் போவுது, தெரியுமில்ல?

கன்னியப்பன்: அவங்களும் இன்னா பண்ணுவாங்க? நீங்க தோல் ஊறப் போடற சுண்ணாம்புக் குழித் தண்ணி எறங்கி அவங்க கிணறு கரிச்சுப் போச்சு. சோறு பொங்கினா சோறே மஞ்சளா...

கோதண்டபாணி: குழியை நானா வெட்டினேன்? போன வாரம் அவளுங்களுக்குத் துணைக்கு வந்த ஒருத்தனைப் புடிச்சோம். முதலாளி மரத்துல கட்டி வைக்கச் சொன்னாரு, கட்டினேன். கட்டலன்னா அடுத்தது நானு. எனக்கும் புள்ளைங்க இருக்குது, கன்னியப்பா.

கன்னியப்பன்: இந்தாங்க சங்கிலி.

கோதண்டபாணி: அப்படியும் அடங்கல. நேத்து சாயந்திரம் ராட்டினத்தையே கழட்டிட்டேன். கயித்தையும் சுருட்டி எடுத்துட்டேன். இனிமே எப்படி சேந்துவீங்கன்னு பாத்தா... சொந்தக் கயிறு கொண்டாந்து, சுவரு மேல குனிஞ்சு சேந்தறாளுங்க! இன்னா நெஞ்சழுத்தம் பாரு.

கன்னியப்பன்: நீங்க பாத்தீங்களா?

கோதண்டபாணி: கேட்டேன். இன்னைக்கு விடியற நேரம். ஷெட்ல படுத்துட்டிருந்தேன். குடம் சுவத்துல மோதற சத்தம். படுத்தவாறே ஒரு அதட்டு அதட்டினேன் பாரு... 'எவடி அது, கொள்ளிக்கட்டை எடுத்தாறேன் இரு'ன்னு. அவ்ளோதான்! ஓடிப் போய்ட்டாளுங்க.

மரியம்மாள்: ஓடிட்டாளா ஐயா?

கோதண்டபாணி: இன்னாது?

மரியம்மாள்: ஓடறதை... நீங்க கண்ணால பாத்தீங்களா? எந்தப் பக்கம் ஓடினா? ஆத்துப் பக்கமா?

கோதண்டபாணி: இன்னாடி உனக்கு? நீயும் அந்தக் கும்பலா?

மரியம்மாள்: இல்லீங்க... சும்மா கேட்டேன். இருட்டுல பயந்து வேற எங்கயாவது ஓடியிருப்பாளோன்னு... தூரமா... திரும்பி வர வழி தெரியாம...

கோதண்டபாணி: இருட்டுல எவன் போய் பாத்தான்? தொம்முனு ஒரு சத்தம் கேட்டுது. குடத்தைக் கிணத்துல விட்டுட்டு ஓடியிருப்பாளுங்க. அப்புறம் ஒண்ணுமில்ல. நானும் தூங்கிட்டேன்.

மரியம்மாள்: அப்புறம்... ஒண்ணுமே கேக்கலீங்களா?

கோதண்டபாணி: கன்னியப்பா, இவளை முதல்ல அனுப்புய்யா! வக்கீல் மாதிரி கேள்வி கேக்கறா.

கன்னியப்பன்: விடுங்க மேஸ்திரி. குடத்தைப் பறிகுடுத்த கவலை அவங்களுக்கு. ஆலங்காயத்துக்காரரே, போறேன் போறேன்னு மெரட்டாதீங்க, கொழு கெடைச்சுடுச்சு, புடிங்க... அந்தக் கீலு யாருக்கு? மூணு அங்குலமா நாலா? கத்தாதீங்க, எனக்குக் காது இருக்கு... மரியம்மா, உன் வூட்டுக்காரர் இன்னா வேலை?

மரியம்மாள்: சுண்ணாம்புக் குழியில எறங்கறவருங்க.

கன்னியப்பன்: எந்த ஷாப்புல?

மரியம்மாள்: ...இவங்க ஷாப்புலதான்.

கோதண்டபாணி: யாரு, ஆரோக்கியசாமி பொண்டாட்டியா நீ? அதான் மூஞ்சி தெரிஞ்ச மாதிரி இருந்துது. அவன் எங்க, இன்னைக்கு வேலைக்கே வரல?

மரியம்மாள்: தேடப் போயிருக்காருங்க.

கோதண்டபாணி: எதை?

மரியம்மாள்: ...ஆட்டை. ஆத்தோரமா.

கோதண்டபாணி: ஆடு தேடறானாம், ஆடு. துரை வர்ற நாள்ல. நாளைக்கு அவன் குழிப்பக்கம் வரவேணாம்னு சொல்லு.

கன்னியப்பன்: ஏன் மேஸ்திரி, ஒரு நாளுக்குப் போய்...

கோதண்டபாணி: நீ சாவியைப் போட்டுக் காட்டு. மாட்டிக்கிச்சுன்னா மறுபடி வர நேரமில்ல.

கன்னியப்பன்: இந்தாங்க... ஒரு சுத்து... ரெண்டு சுத்து. வெண்ணெய் மாதிரி திரும்புது பாருங்க.

கோதண்டபாணி: போதும். நேரா போய் மூடியை இழுத்துப் போட்டு பூட்டிடறேன்.

மரியம்மாள்: இப்பவேவா ஐயா? மத்தியானம்னு சொன்னீங்களே...

கோதண்டபாணி: மூடறதுக்கு நாள் நட்சத்திரம் பாக்கணுமா? நாலு ஆளு மூடியோட நிக்கறானுங்க.

மரியம்மாள்: சாமி... கடைக்கார சாமி. இந்தாங்க ஈடு. கரண்டியைக் குடுங்க. சீக்கிரம்.

கன்னியப்பன்: அட! இவ்ளோ நேரம் கையில வச்சிக்கிட்டா நின்னே? நானும் கெஞ்சறேன், ஈடு ஈடுன்னு...

மரியம்மாள்: குடுங்க சாமி.

கன்னியப்பன்: இரு. இது பித்தளைக் குடம்... ஒரு பக்கம் நசுங்கி... கழுத்துல சுருக்கு அப்படியே இருக்கு. கயிறும் ஈரமா... மரியம்மா, குடம் விழுந்துடுச்சின்னு சொன்னியே?

மரியம்மாள்: நான் சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க.

கன்னியப்பன்: இதை எங்க எடுத்தே?

மரியம்மாள்: நீங்க ஈடு கேட்டப்புறம் திரும்பக் கிணத்துல போய்ப் பாத்தேன், மிதந்துச்சு. கயித்து முனை சுவத்துச் செடியில மாட்டிக்கிட்டிருந்துது. இழுத்தேன்... வந்துச்சு. வீட்ல இருக்கற ஒரே குடம். வேற ஈடு இல்ல சாமி.

கன்னியப்பன்: குடம் இங்க இருக்கு... அப்ப கரண்டி எதுக்கு?

கோதண்டபாணி: இன்னாய்யா பேந்தப் பேந்த முழிக்கறே? சாவியைக் குடு, நேரமாவுது!

கன்னியப்பன்: மேஸ்திரி... சும்மா இருங்க கொஞ்சம். ஏம்மா, காத்தால நீ வந்தப்ப... நான் உன்னைத் திருப்பி அனுப்பினேனே... அப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கத்தியிருக்கக் கூடாதா? இத்தினி பேரு கத்தறாங்களே இந்தக் கடையில, ஒரு கீலுக்கும் கொழுவுக்கும்...

மரியம்மாள்: கிணத்துக்கிட்டயே கத்த முடியலீங்க. குனிஞ்சு, மெதுவாத்தான் கூப்ட்டேன். 'மேரி, ஆரோக்கியமேரி'ன்னு... சத்தமா கூப்ட்டா இவங்க முழிச்சிக்குவாங்களேன்னு.

கோதண்டபாணி: நானா?... இன்னா சொல்றா இவ? நான் ஒரு அதட்டுதான்... எந்தக் கிணறுடி?

மரியம்மாள்: உங்க காலைப் புடிச்சுக்கறேன் மேஸ்திரி ஐயா. அந்தப் பூட்டை ஒரு நாழி கழிச்சுப் போடுங்க... எம் பொண்ணு இன்னும் உள்ளதான் இருக்கா.