உனக்கு வந்த டிபி

“உனக்கு வந்த டிபி எனக்கு வந்திருக்கக் கூடாதா!”

காசநோய்ப் பிரிவின் வரிசையில் எனக்கு முன்னால் முகக்கவசம் போட்ட இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒரே பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைப்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அப்படிச் சொன்னது மூத்தவள்.

“என்னங்க்கா இப்பிடிப் பேசறீங்க?” என்றாள் இளையவள்.

“பின்னே? ரெண்டு பேரும் ஒரே நாள்லதான சளி டெஸ்ட்டுக்குக் குடுத்தோம்? உனக்கு எல்லா மருந்தும் கேக்கும்னு ரிசல்ட் வந்துச்சு. எனக்கு வந்த கிருமிக்கு முக்கியமான மருந்தே கேக்காதாம். உனக்கு இந்த மாசத்தோட மருந்து முடியுது. மூஞ்சி வேற பளபளன்னு ஆயிருச்சு.”

“உங்களுக்குத்தான் வேற மாத்திரை குடுத்திருக்காங்களே. சரியாயிருமுங்க்கா.”

“அதைத் தின்னுதான் காலு மரத்துப்போகுது. பெடல மிதிக்கிறதே தெரிய மாட்டேங்குது.”

“டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?”

“சொல்லி, மருந்த நிறுத்திப்போட்டு மொதல்ல இருந்து ஆரம்பின்னா? நீ போயிருவே. நான் இங்கேயே கெடக்கோணும்.”

நர்ஸ் இளையவளின் பெயரைக் கூப்பிட்டார். அவள் மூத்தவளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “சிஸ்டர், இந்த அக்காவுக்குக் கால் மரத்துப்போகுதுங்க. மொதல்ல இவங்களப் பாருங்க.”

மூத்தவள் கையை உதறினாள். “அதையும் நீதான் சொல்லோணுமா?” என்று முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்தவில்லை. அவள் குரல் வெளியே கேட்டது.

“ரெண்டு காலுமுங்க டாக்டர். ஒரு மாசமாவே.”