மெசேஜில் நின்ற வான்

மன்னாரிலிருந்து வெள்ளாங்குளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். மூத்தவர் திடீரென்று, "ஹயருக்கு, வாடகைக்கு ஓடுற என்ர வானை ஒருத்தன் மெசேஜ் போட்டே நிப்பாட்டியிருக்கிறான்" என்றார். நான் காது கொடுத்துக் கேட்டேன்.

"மெசேஜிலயோ அண்ணை?"

"ஓம். களவு போனால் போனில இருந்து மெசேஜ் போட்டு எஞ்சினை நிப்பாட்டலாமெண்டு வானில ஒரு பெட்டி பூட்டினனான். அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிற சிம் நம்பரைப் பெருமைக்கு எல்லாருக்கும் காட்டினன்."

"இரகசிய நம்பரும் வேணுமே?"

"மறக்கக்கூடாதெண்டு இந்தியா அகதி முகாமில எங்கட வீட்டு நம்பரைப் போட்டன்."

இளையவர் சிரித்துவிட்டார். "அங்க உங்களைப் பேர் சொல்லி ஆர் கூப்பிட்டது? அந்த நம்பரைச் சொல்லித்தானே கூப்பிட்டவை."

"அதுதான். முகாமில இருந்து எங்களோட திரும்பி வந்த இன்னொரு வான்காரன், ஹயருக்குப் போட்டியா, என்ர வானை நடுறோட்டில அடிக்கடி நிப்பாட்டியிருக்கிறான். போன கிழமைதான் தெரிய வந்தது. அதுக்கு முன்னமே, வான் தானா நிக்குதெண்டு என்ர றைவர் அந்தோனி அழாக்குறையாச் சொன்னவன். குடிச்சுப்போட்டுப் பொய் சொல்லுறாயெண்டு ஆக்களுக்கு முன்னால ஏசி வேலையால கலைச்சுப்போட்டன்."

"பிறகு அந்தோனியோட போய்க் கதைச்சனீங்களோ?"

"என்ன முகத்தோட போறது?"

"அடுத்த ஹோல்ட்டிலதானே அவன்ர வீடு. இறங்குவம், நானும் வாறன்."

பஸ் நின்றது. இளையவர் எழுந்து நின்றார். மூத்தவர் முன்கம்பியைப் பிடித்தார், ஆனால் எழவில்லை.

"இண்டைக்கு வேண்டாம் தம்பி" என்றார்.

கொண்டக்டர் மணியை அடித்தார். பஸ் புறப்பட்டது.