லூசியா இல்லாத பாட்டு

"ஹலோ... ஹலோ... ஷெல்டன் சேரா?... ஆ, நான் லூசியா... ஆமா, ஆமா, லூசியாக்காதான். இல்ல, அவசரம் ஒன்னும் இல்ல. சாப்பிட்டீங்களா?... நல்லது. நிம்மதியா சாப்பிட்டிருப்பீங்க."

லூசியா இப்படி அன்பாக விசாரித்தால், எதிரில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. பலாபத்வலைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். வாசல் இஸ்தோப்பில் சாக்கு விரித்துக் கறாம்பு பொறுக்கிக்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து நின்று பேசினாள்.

"காலையில நம்ம கொயர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பாட்டு போட்டீங்களே சேர்... அழிச்சிட்டீங்கதான். நீங்க அழிக்க முன்னுக்கே நான் எறக்கிட்டேன்... ஆமா. நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் என் கொரலத் தேடினேன். காணல."

அடுத்த வாரம் வஹகோட்டை அந்தோனியார் கோவில் திருவிழா. தமிழ்ப் பூசையில் சனம் வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கும் நேரம், இந்தத் தோட்டத்துப் பாட்டுக் குழுவான கொயர்தான் ஒரு பாட்டுப் பாடும். அந்தப் பாட்டில் தனிக்குரல் லூசியாவுடையது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான். வருஷம் முழுக்கக் கறாம்பும் மிளகுமாகக் கழிகிற அவளுக்கு, நாலு மாவட்டத்துச் சனத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க இருந்தது அந்த ஐந்து நிமிஷம் ஒன்றுதான். இந்த வருஷம் அவளுக்குச் சொல்லாமலே பிராக்டிஸ் நடந்து முடிந்திருந்தது.

"பிழையான குரூப்புக்கு வந்திருச்சா... அப்ப சரியான குரூப்னு ஒன்னு இருக்கு... சேர், நான் எட்டாம் வகுப்புத்தான். ஆனா இது வெளங்கும். நான் இல்லாத குரூப். எத்தன பேரு அதுல?... பதினாறு. என்னத் தவிர மிச்ச எல்லாரும்... சரி, சரி, சரி. நீங்க பேசினது போதும், இப்ப நான் பேசுறேன்."

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் ஷெல்டன், கொயரைப் பொறுப்பெடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்ததும் வராததுமாகப் பழைய ஆர்மோனியத்தை மூலையில் தள்ளிவிட்டு, கீபோர்டைக் கொண்டுவந்து வைத்தவர். அதற்கு லூசியா அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

"அது என்ன தாளம் சேர் அது?... என்ன பீட்டு? பைலா. பைலா இல்லன்னா என்ன அது? கல்யாண வீட்டுல ரெண்டாவது போத்தல் உடைச்ச பொறகு போடுற தாளம். சனம் நாக்க நீட்டி நன்மை வாங்குமா, இடுப்ப ஆட்டுமா?... இளம் பிள்ளைங்களுக்குப் பிடிக்குதா. பிள்ளைங்களுக்கு ஐஸ் பழமும்தான் பிடிக்கும், அத பூசையில குடுப்பீங்களா?... என் பாட்ட யாருக்குக் குடுத்தீங்க, மதுஷிகாவுக்கா?... நல்ல பிள்ளைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மூக்கால பாடுது. அதுக்கு மேல எக்கோ வேற. ஒரு தரம் 'ஆண்டவரே'ன்னா மூனு தரம் கேக்குது. ஆண்டவருக்கு என்ன, காது மந்தமா?"

எதிர்ப்பக்கம் சத்தம் கூடியது. ஷெல்டன் சாந்தமான மனிதர். ஆனால் சாந்தமான மனிதரையும் சந்தியில் நிறுத்திப் பேசவைக்கிற சாமர்த்தியம் லூசியாவுக்கு உண்டு. அந்தச் சாமர்த்தியம்தான் இப்போது அவளுக்கே வினையாக வந்தது.

"என்ன சொன்னீங்க?... இல்ல, திருப்பிச் சொல்லுங்க... என் பாட்டா? என் பாட்டக் கேக்க ஏலாம இருக்கா?... யாருக்கு? நான் எடுத்தா ஆம்பளைங்க எல்லாம் எழும்பி வெளியில போறாங்களா... அது பீடி குடிக்கப் போறாங்க சேர். பிரசங்கத்துக்கும் போறாங்கதானே... பிள்ளைங்க சிரிக்குதா? அதுங்க ஃபாதர் தும்மினாலும் சிரிக்கும்... மேல போனா கிழியுதா... ம்... தகரத்துல ஆணி கீறின மாதிரி. சரி. நல்லாத்தான் தமிழ் படிப்பிக்கிறீங்க."

அவள் குரல் நடுங்கவில்லை. நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கும் என்று நினைத்தாள்.

"பேரச் சொல்லுங்க. யாரு சொன்னா? ஃபாதரா?... இல்லயா. அப்ப அந்த மேல் லயத்து வீட்டு நோனாவா? அவ போன வருஷத்துல இருந்தே... அவளும் இல்லயா. யாரும் வேணும்னு சொல்லலன்னு பூசி மெழுகாதீங்க. குரூப்ப மாத்தச் சொன்னது ஒரு ஆளுதானே. அந்த ஆளு யாரு?... சொல்லுங்க. நான் ஒன்னும் செய்ய மாட்டேன், சொல்லுங்க... யாரு?... எங்க வீட்டு நோபர்ட்டா?"

நோபர்ட் அவள் புருஷன். கொயரில் பின்வரிசையில் நின்று கட்டைக்குரலில் பாடுகிறவர். அந்தப் பதினாறு பேரில் அவரும் ஒருவர் என்பது அப்போதுதான் லூசியாவுக்கு உறைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து படி இறங்கும்போது, அவள் கேட்காமலே "இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்று சொல்லுகிறவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று யார் பேச்சையும் அவள் இத்தனை வருஷம் தள்ளிவிட்டது, அந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

"என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க சேர். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்... ம்... ம்... வீட்டுல நான் தாங்கிக்குவேன், வஹகோட்டையில சனத்துக்கு முன்னால வேணாம்னு சொன்னாரா... எனக்குத் தெரிய வேணாம்னும் சொன்னாரா... எப்ப சொன்னாரு?... போன வருஷமேவா. போன வருஷம் திருவிழா முடிஞ்சு நாலந்தா வரைக்கும் பஸ்ல என் கையப் பிடிச்சிட்டு வந்தவரு சேர் அவரு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நோபர்ட் பேக்கரியிலிருந்து பாண் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சேர், வைக்காதீங்க. லைன்லயே இருங்க... இருங்கன்னு சொல்றேன்தானே. இந்தாங்க, பாண மேசையில வச்சிட்டு இப்படி வந்து நில்லுங்க. யாரு லைன்லன்னு பொறகு சொல்றேன். ஒரு பாட்டு பாடப் போறேன். சும்மா கேளுங்க."

போனைக் கையில் பிடித்தபடியே லூசியா அந்தத் திருவிழாப் பாட்டை எடுத்தாள். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவாள். பக்தி அப்படி. இன்றைக்கு மூடவில்லை. நோபர்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினாள். முதல் அடிக்கு அவர் வழக்கம்போல் சிரித்துத் தலையாட்டினார். பாட்டு மேலே ஏறத் தொடங்கியதும் மெல்ல நடந்துபோய், அடுத்த வீட்டுப் பக்கம் திறந்திருந்த ஜன்னலைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார். பிறகு திரும்பி வந்து, மறுபடியும் அதே சிரிப்போடு நின்றார்.

லூசியா பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். பதினெட்டு வருஷத்தில் அவள் பாதியில் நிறுத்திய பாட்டு அது ஒன்றுதான்.

"சேர்... இருக்கீங்களா?... ஆமா. பார்த்துட்டேன். நீங்க பொய் சொல்லல... மன்னிப்பெல்லாம் வேணாம், அத வச்சுக்குங்க. பைலா பைலாதான், அதுல மாத்தமில்ல... திருவிழா அன்னைக்கு பஸ் எத்தன மணிக்கு?... அஞ்சரைக்கா. நல்லது. மதுஷிகாவே பாடட்டும். நாங்க ரெண்டு பேரும் வரல... ஆமா, அவரும்தான்... உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி நிக்கிறாரு. பின்வரிசைக்கு வேற ஆளப் பாருங்க. அவருக்கு அன்னைக்கு வீட்டுல வேலை இருக்கு. இந்த நாக்காலியில உக்காந்து நான் பாடுறதக் கேப்பாரு... விடிஞ்சதுல இருந்து. பாட்டுப் பொஸ்தகத்துல முந்நூத்திப் பதினாலு பாட்டு இருக்கு சேர். ஒரு சரணமும் விட மாட்டேன்."

போனை வைத்துவிட்டு லூசியா போய் ஜன்னல் கொளுக்கியை எடுத்து, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டாள்.